இருநூற்று ஐம்பத்தாறு, ம்மா!

அயனம்பாக்கம்

அன்புள்ள மருமகன் கிருபாகரனுக்கு,

மாமன் செங்கல்வராயன் சொல்லச் சொல்ல, பக்கத்து பிளாட் நிவேதிதா எழுதுவது. நீயும் உன் பெண்டு பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே சுகம் என்று சொல்ல வாய் வரவில்லை. நீ போனை எடுப்பதில்லை. கடிதத்தை உன்னால் கட் பண்ண முடியாது என்றுதான் இது.

போன தையில், திருவேற்காட்டில் உன் மகளுக்குக் காது குத்தினபோது, மூன்றாவது வடையைக் கையில் வைத்துக்கொண்டு நீ சொன்னது அப்படியே நினைவிருக்கிறது: "பேபிக்கு வெப்சைட் போட்டுக் குட்த்துட்டேன் மாமா. சீர்வரிசைத் தட்டு ஆர்டர்லாம் இனிமே தானா வந்துகினே இருக்கும்." வந்தது. அதை நம்பி என் மகள் பேபி தையல் கம்பெனி வேலையை விட்டாள். ஆவணி முகூர்த்தத்துக்காகத் தட்டு ஒவ்வொன்றையும் நாலா பக்கமும் படம் பிடித்து ஏற்றினாள், அன்றைக்கே சைட் படுத்துவிட்டது. திறந்தால் ஏதோ இங்கிலீஷ். மெமரி போதவில்லையாம். எனக்கு எழுத்துதான் தெரியாது. உன் அப்பா என் தங்கையைப் பெண் பார்க்க வந்த அன்று கட்டியிருந்த வேட்டிக் கரை இன்னும் கண்ணில் நிற்கிறது. மெமரி இல்லாத சாமானை எதற்கப்பா அவள் தலையில் கட்டினாய்?

சைட்டுக்கு இடம் வாடகைக்கு விட்ட கம்பெனிக்கு பேபி ஸ்பீக்கரில் போன் போட்டாள். அந்தத் தம்பி, ஒரு ஃபைலில் மெமரி லிமிட் என்ற வரியில் நம்பரை ஏற்றச் சொன்னான். எவ்வளவு என்றதற்கு, "இருநூத்தி ஐம்பத்தாறு, ம்மா" என்றான். நல்ல வளர்ப்பு. மாப்பிள்ளை ஜெகதீசன் அண்ணனூர் ரயில் ஷெட்டிலிருந்து வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார்.

"இன்னா நம்பரு சொன்னான் மாமா?"

"இருநூத்தி ஐம்பத்தாறு."

"அவ்ளோதானா? பின்னால இன்னாவோ சொன்னான்னு இவ சொல்றாளே?"

"அது பேபிய ம்மான்னு கூப்ட்டது மாப்ள. அதையுமா எழுதுவ?"

போட்டார். அவ்வளவுதான், முன்னால் தெரிந்த இங்கிலீஷும் போய் வெறும் வெள்ளை. "உன் கை பட்டுதான் செத்துப்பூட்ச்சு" என்கிறாள் இவள். "உங்க நைனாவைக் கேளு" என்கிறார் அவர். இரண்டு பேரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அம்பத்தூர் கல்யாண வீட்டார், "கடையை மூட்டீங்களாமே" என்று கேட்டுவிட்டு வேறிடம் போய்விட்டார்கள். பேபி திரும்பவும் தையல் கம்பெனிக்கே போகிறேன் என்கிறாள். அங்கேதான் அவள் முதுகு போனது. எனக்குச் சோறு இறங்கவில்லை. உடனே கிளம்பி வா.

கருமாரி உன்னையும் குழந்தைகளையும் காப்பாற்றட்டும், உன்னைப் போனையும் எடுக்க வைக்கட்டும்.

இப்படிக்கு, கைநாட்டு வைக்கும் மாமன்,
செங்கல்வராயன்

பி.கு.: வர வேண்டாம். எழுதிக்கொண்டே வந்த நிவேதிதா பேனாவை வைத்துவிட்டு, "தாத்தா, அது ம்மா இல்ல, எம். இங்கிலீஷ் எழுத்து. நம்பரை ஒட்டி அதையும் போடணும், இல்லாட்டி மெமரி ஒண்ணுமே இல்லன்னு ஆயிடும்" என்றது. எழுத்து தெரியாதவன் காதில் எழுத்தும் யாரையோ கூப்பிடுவது போலத்தானே விழும்? அதுவே போய்ப் போட்டது, சைட் திறந்துகொண்டது. பூந்தமல்லியிலிருந்து ஒரு ஆர்டரும் வந்துவிட்டது. தான் போட்ட நம்பர்தான் கொஞ்சம் தாமதமாக வேலை செய்தது என்று மாப்பிள்ளை ஷெட்டுக்கெல்லாம் போன் போட்டுச் சொல்லிக்கொண்டிருக்கிறார். பேபியும் அவருக்குக் காப்பி கொண்டுபோய்க் கொடுத்தாள். நானும் தலையை ஆட்டிவைத்தேன். உன்னைக் கேட்டால், ஆமாம், சில நம்பர் அப்படித்தான் என்று சொல்.