கல்லைத் தொடாதீங்க, மாப்பிள்ளை

நான்காவது முட்டையும் கல்லை விட்டு வர மாட்டேன் என்றது.

மாப்பிள்ளை தட்டைக் கரண்டியை அடியில் கொடுத்து நெம்பினார். மேல்பாதி வந்தது. கீழ்பாதி, வாடகை பாக்கி வைத்தவன் வீட்டைக் காலி செய்ய மறுப்பதுபோல இருந்த இடத்திலேயே இருந்தது.

"தம்பி, ஆம்லெட் கேட்டு இருபது நிமிஷம் ஆச்சு," என்றார் தினமும் வரும் தபால்காரர். "சாதாரணத் தபாலே இதுக்குள்ள போய்ச் சேர்ந்திருக்கும்."

"ரெண்டே நிமிஷம் சார்."

"அதைத்தான் ஆறரை மணிக்கும் சொன்னீங்க."

கல் என்று எல்லோரும் சொன்னாலும் அது இரும்பு. மூன்றடி நீளம், விரல் தடிமன், அடியில் மூன்று கேஸ் பர்னர், முன்பக்கம் எண்ணெய் வடிந்து விழ ஒரு தகரத் தட்டு. மாமனாரின் காலை உணவுக் கடையில் இருபது வருஷமாக முட்டை, ரொட்டி, வெங்காயம் எல்லாம் வெந்தது அதன்மேல்தான். பார்க்க அட்டக்கரியாக இருக்கும். ஆனால் முட்டையை ஊற்றினால் வழுக்கிக்கொண்டு வரும்.

நேற்று காலை வரைக்கும் வந்தது.

நேற்று காலைதான் மாமனார் வெளியூரில் இருக்கும் தம்பி வீட்டுக்குக் கிளம்பினார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, மாப்பிள்ளையைக் கல்லின் முன்னால் நிறுத்தினார்.

"மூணு நாள் கடையைப் பாத்துக்குங்க மாப்பிள்ளை. ஒழுங்கா ஓடிச்சுன்னா உங்களையும் கூட்டுச் சேர்த்துக்கிறதைப் பத்திப் பேசுவோம்."

மாப்பிள்ளைக்கு அந்த ஒரு வார்த்தை போதும். பதினோரு வருஷம் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தவர். கடையை மூடிவிட்டார்கள். இரண்டு மாதமாக வீட்டில் ஜன்னல் கண்ணாடிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். போன வாரம் மனைவி, "இன்னும் துடைச்சீங்கன்னா கண்ணாடி தேஞ்சு காத்து உள்ள வந்துடும்," என்று சொல்லிவிட்டாள்.

"ஒண்ணே ஒண்ணு," என்றார் மாமனார். "கல்லை மட்டும் தேய்ச்சுடாதீங்க. அந்தக் கறுப்பு இருபது வருஷ எண்ணெய். அதுதான் முட்டை ஒட்டாம பாத்துக்குது. துணியால துடைச்சாப் போதும்."

"சரி மாமா."

"தேய்க்கிற கட்டியும் கம்பி பிரஷும் புதுசா வாங்கி மேல் அலமாரியில வெச்சிருக்கேன். இடது பக்கம். எடுத்துடாதீங்க."

"எடுக்க மாட்டேன் மாமா."

"கண்ணாடி துடைச்ச கை. கறுப்பைப் பாத்தா சும்மா இருக்காது. அதான் சொல்றேன்."

வாசலில் நின்ற மாமியார், "கிளம்புங்க. அவருக்குத் தெரியாதா," என்றார். பிறகு கணவரின் பைக்குள் துருத்திக்கொண்டிருந்த காகிதத்தைப் பார்த்தார். "மறுபடியும் அடுப்புக் கடை விலைப்பட்டியலா? இருக்குற கல்லுக்கு என்ன கேடு? இது கெடட்டும், அப்புறம் புதுசைப் பத்திப் பேசலாம்."

நான்கு வருஷமாக இதே கேள்வி, இதே பதில். பீரோச் சாவி மாமியாரின் இடுப்பில் இருந்ததால் பதில் மாறுவதற்கு வழியில்லை. மாமனார் பட்டியலை உள்ளே தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

முதல் நாள் வியாபாரம் சுத்தமாக நடந்தது. மூன்று மணிக்குக் கடையைச் சாத்தினார்கள். மாப்பிள்ளை ஸ்டூலில் உட்கார்ந்து கல்லைப் பார்த்தார். கல் அவரைப் பார்த்தது. ஓரங்களில் பிசுக்கு கட்டியிருந்தது. மூலையை மட்டும் லேசாகச் சுரண்டினால் என்ன என்று தோன்றியது.

"ஐயா தொட வேணாம்னு சொன்னாரே," என்றார் பாத்திரம் கழுவும் அக்கா, தொட்டியிலிருந்து தலையைத் திருப்பாமலே.

"மூலை மட்டும்தான்க்கா."

அலமாரியிலிருந்து இறங்கிய கம்பி பிரஷில் மூலை சுத்தமானதும் பக்கத்து இடம் அழுக்காகத் தெரிந்தது. அது சுத்தமானதும் அதற்குப் பக்கத்து இடம். ஐந்து மணிக்கு மாப்பிள்ளை கல்லில் தன் முகத்தைப் பார்த்துத் தலை சீவிக்கொள்ளலாம் என்ற நிலை வந்தது.

"எப்படி இருக்குக்கா?"

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தார். "அழகா இருக்கு தம்பி. நாளைக்கு இதுல என்ன செய்வீங்க?"

அந்தக் கேள்வியின் பொருள் இப்போதுதான், நான்காவது முட்டையில், மாப்பிள்ளைக்கு உறைத்தது.

எண்ணெய் போதவில்லை போலிருக்கிறது என்று அரை லிட்டரை அப்படியே சாய்த்தார். முட்டை அசையவில்லை. எண்ணெய் மட்டும் ஓடிப்போய்த் தகரத் தட்டை நிரப்பி, வழிந்து, தரையில் இறங்கியது. தபால்காரர் விசாரிக்க எழுந்து வந்தார். இரண்டு எட்டு நடந்து வந்தார், மூன்றாவது எட்டுக்கு வழுக்கிக்கொண்டே வந்து சேர்ந்தார்.

"முட்டை வழுக்கும்னு சொல்வாங்க. இங்க ஆள்தான் வழுக்குது," என்று மேசையைப் பிடித்துக்கொண்டார்.

சூடு போதவில்லை போலிருக்கிறது என்று மூன்று பர்னரையும் முழுசாகத் திறந்தார். ஒட்டியிருந்த முட்டை கரியாகி, கடை முழுக்கப் புகை பரவியது. உள்ளே இருந்த நாலு பேரும் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு நடைபாதைக்குப் போய்விட்டார்கள்.

கண்ணாடிக் கடையில் எப்பேர்ப்பட்ட கறையையும் தண்ணீர் விட்டு ஊற வைத்தால் போய்விடும். மாப்பிள்ளை குடத்திலிருந்து ஒரு ஜக் குளிர்ந்த தண்ணீரை மொண்டு, கொதிக்கும் இரும்பின் நடுவில் ஊற்றினார்.

'டங்' என்று ஒரு சத்தம்.

அக்கா தொட்டியை விட்டுத் திரும்பிப் பார்த்தார். அவர் வேலைக்குச் சேர்ந்த பிறகு யாரும் கூப்பிடாமல் திரும்பியது இதுதான் முதல் தடவை.

ஆவி அடங்கியதும், கல்லின் நடுப்பகுதி ஊதிப்போன கன்னம்போல மேலே எழும்பியிருந்தது. அடுத்து ஊற்றிய முட்டை அதன் உச்சியில் ஒரு நொடி நின்று யோசித்தது. பிறகு வெள்ளைக்கரு இடப்பக்கமும் மஞ்சள்கரு வலப்பக்கமுமாகப் பிரிந்து போயின.

"பாகப்பிரிவினை ஆயிடுச்சு," என்றார் தபால்காரர் ஜன்னல் வழியாக. "எனக்கு ரெண்டு ரொட்டி மட்டும் கொடுங்க தம்பி. சுட வேணாம்."

மத்தியானம் மாமனார் போன் செய்தார்.

"கல்லு எப்படி இருக்கு மாப்பிள்ளை?"

"பளபளன்னு இருக்கு மாமா." வாயிலிருந்து வந்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று தெரிந்தது.

"பளபளன்னா?"

"நல்லா இருக்குன்னு சொன்னேன் மாமா."

"சந்தோஷம்," என்றார் மாமனார். குரலில் உண்மையாகவே சந்தோஷம் இருந்தது. மாப்பிள்ளைக்கு அது நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. இவ்வளவு நம்புகிற மனிதரை ஏமாற்றுகிறோமே.

விட்டதைப் பிடித்துவிட வேண்டும் என்று, கடை சாத்தியதும் பழைய கறுப்பைத் திரும்ப வரவழைக்க உட்கார்ந்தார். மெல்லிசாக எண்ணெய் தடவிக் காய்ச்ச வேண்டும், ஆற வைத்து மறுபடி தடவ வேண்டும், நாலைந்து தடவை செய்ய வேண்டும் என்றார் அக்கா. நாலைந்து தடவைக்கு உண்டான எண்ணெயை மாப்பிள்ளை ஒரே தடவையில் தடவினார். அது கறுப்பாக ஆவதற்குப் பதில் பசையாக ஆயிற்று. அதன்மேல் வைத்த கரண்டியை எடுக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது.

காலையில் ஊற்றிய தண்ணீர் இடது பர்னருக்குள்ளும் இறங்கி, ஓட்டைகள் அழுக்கால் அடைத்திருந்தன. சிலிண்டரை மூடிவிட்டுப் பல்குச்சியால் ஒவ்வொன்றாகக் குத்தினார். முதல் ஓட்டையில் பல்குச்சி முறிந்தது. இரண்டாவதில் இன்னொன்று முறிந்தது. பதினாலாவதில் நிறுத்திக்கொண்டார்.

"தம்பி," என்றார் அக்கா, "நீங்க கொஞ்ச நேரம் எதையும் சரி பண்ணாம இருங்களேன்."

மூன்றாம் நாள் காலை ஒன்பதரைக்கு மாமியாரே வந்துவிட்டார். வீட்டுக்கு வந்த தபால்காரர் கடிதத்தோடு சேர்த்துச் செய்தியையும் கொடுத்திருந்தார்.

மாமியார் கல்லைச் சுற்றி வந்தார். மேட்டைத் தடவினார், விரல் ஒட்டிக்கொண்டது. குனிந்து பர்னரைப் பார்த்தார். "உள்ள என்ன, பல்குச்சியா?"

"ஆமாம் அத்தை."

"இரும்புக்கு எதுக்குப் பல்குச்சி?"

கூட்டு, கடை, மனைவியின் முன் நிமிர்ந்து நடப்பது எல்லாம் அந்த மேட்டின் இருபக்கமும் வழிந்து ஓடுவது மாப்பிள்ளைக்குத் தெரிந்தது. "மாமாகிட்ட நானே சொல்லிடறேன் அத்தை. நாளையிலிருந்து வேற வேலை தேடிக்கிறேன்."

மாமியார் நாற்காலியில் உட்கார்ந்தார். வெகுநேரம் கல்லையே பார்த்தார். கணவரின் இருபது வருஷக் கல். பிறகு இடுப்பிலிருந்த சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, கணவருக்குப் போன் போட்டார்.

"கல்லு போச்சுங்க. ஆமா, நல்லாத்தான் இருந்துச்சு, இப்போ போச்சு. மாப்பிள்ளையைத் திட்டாதீங்க, பாவம், முகமே சரியில்லை. வேற வழியில்லை, புதுசே வாங்கிடுங்க." காதிலிருந்து போனை எடுத்தார். "ஒண்ணுமே சொல்லலை. அதிர்ச்சியில வார்த்தை வரலை போல."

சரியாகப் பத்து மணிக்கு வாசலில் ஒரு சரக்கு வண்டி வந்து நின்றது. இரண்டு பேர் மரச்சட்டம் அடித்த ஒரு பெரிய பெட்டியை இறக்கினார்கள். சட்டங்களின் இடுக்கில் புது இரும்பு மின்னியது. நாலு பர்னர்.

"இப்போதானே போனை வெச்சேன்," என்றார் மாமியார். "அதுக்குள்ள எப்படி வந்துச்சு?"

வண்டிக்காரர் ரசீதைப் புரட்டிப் பார்த்தார்.

"இது போன வாரமே சொன்ன ஆர்டரும்மா. 'பழசு கெட்டாத்தான் வீட்டுல விடுவாங்க, கண்ணாடிக் கடை மாப்பிள்ளைகிட்ட ஒப்படைச்சுட்டுப் போறேன், மூணாம் நாள் பத்து மணிக்குத் தைரியமா கொண்டு வந்து இறக்கிடுங்க'ன்னு சொன்னாரு."