முப்பத்தொன்பது கால்நடைகளும் ஒரு கோஸ் பாத்தியும்

எங்கள் தெருவில் வருஷத்துக்கு ஒரு பைத்தியம் என்பது எழுதாத சட்டம். இரண்டு வருஷத்துக்கு முன் எல்லோரும் கையை வீசிக்கொண்டு நடந்தார்கள். போன வருஷம் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு மூச்சு விட்டார்கள். பிறந்ததிலிருந்து விடுகிற மூச்சுக்கு வகுப்பு வேறு நடந்தது. இந்த வருஷம் வீட்டுத் தோட்டம். பக்கத்து வீட்டு வக்கீல் தன் தொட்டியில் காய்த்த ஒற்றைக் கத்திரிக்காயை ஏழு கோணத்தில் படம் எடுத்துத் தெரு முழுக்க அனுப்பினார். நான் மட்டும் சும்மா இருந்தால் மானம் என்ன ஆகிறது? கொல்லையில் பாத்தி கட்டிப் பன்னிரண்டு முட்டைக்கோஸ் நாற்று வைத்தேன்.

என் மனைவிக்கு அந்த இடத்தின் மேல் வேறு கண். அங்கே சிமெண்டு போட்டுத் துணி காயப்போட வேண்டும் என்பது அவளுடைய மூன்று வருஷத்து ஆசை. அவள் தம்பி கொத்தனார். அவன் இரண்டு தடவை நூல் பிடித்து அளந்துவிட்டும் போயிருந்தான்.

"மரத்துல இலை உதிர்ந்து முடியறதுக்குள்ள உங்க பாத்தியிலேர்ந்து ஒரே ஒரு கோஸ் அடுப்புல ஏறட்டும்," என்றாள். "ஏறினா பாத்தி உங்களுது. இல்லைன்னா தம்பி கலவையோட வந்துடுவான்."

"ஒண்ணு என்ன, பன்னிரண்டும் ஏறும் பாரு," என்றேன். வாய்க்கொழுப்பு.

மரங்கள் இலை உதிர்க்க ஆரம்பித்த வாரம் கோஸ் கைப்பிடி அளவுக்குத் திரண்டது. அதே வாரம் இலையெல்லாம் ஓட்டை. புரட்டிப் பார்த்தால் அடியில் பச்சைப் பச்சையாய்ப் புழு. புத்தியுள்ளவன் பொறுக்கிப் போட்டுவிட்டு வேலையைப் பார்த்திருப்பான். நான் பேப்பர் படிக்கிறவன் அல்லவா? 'இல்லத் தோட்ட நல்வாழ்வு அலுவலகம்' என்று ஒன்று திறந்திருக்கிறார்கள், 'ஐயமா? அணுகுங்கள்' என்று விளம்பரம் செய்கிறார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரிந்திருந்தது. அணுகினேன். வினையை விலைக்கு வாங்கினது அங்கேதான்.

அந்த அறையில் மூன்று மின்விசிறி. ஓடியது ஒன்று. அலுவலகம் மொத்தமும் தன் நாற்காலிகளோடு அதன் அடியில் குடியேறியிருந்தது. கும்பலிலிருந்து ஒரு குமாஸ்தா படிவத்தை நீட்டினார்.

"புழு விழுந்திருக்கு சார். என்ன பண்றதுன்னு கேக்கலாம்னு..."

"கேக்கறதுக்கு முன்னாடி பதியணும். தோட்டத்துல இருக்கிற உயிரினம் எது? கால்நடையா, பறவையா, மீனா?"

"புழு சார்."

"புழுன்னு கட்டம் இல்ல."

"'மற்றவை'ன்னு ஒண்ணு இருக்குமே?"

"இருந்துச்சு. எல்லாரும் அதுலயே எழுதறாங்கன்னு எடுத்துட்டாங்க." பேனா மூடியைக் கடித்தபடி யோசித்தார். "அதுக்குக் கால் இருக்கா?"

"இருக்கு. குட்டி குட்டியா."

"நடக்குதா?"

"நடக்குது, மெதுவா."

"கால் இருக்கு, நடக்குது. அப்புறம் என்ன? கால்நடை."

இலக்கணப்படி இதற்கு மறுப்பு இல்லை. நானும் தலையை ஆட்டித் தொலைத்தேன். எத்தனை உருப்படி என்றார். குத்துமதிப்பாக நாற்பத்து மூன்று என்று சொல்லிக் கையெழுத்தும் போட்டுவிட்டு வந்தேன்.

நான்காம் நாள் கால்நடை ஆய்வாளர் வந்தார். பாத்தி ஓரம் குத்த வைத்து, ஒவ்வொரு இலையாகத் தூக்கி எண்ணினார். முப்பத்தொன்பது வந்தது. மறுபடி எண்ணினார். அதேதான்.

"நாலு குறையுதே."

"ரெண்டைக் காக்கா கொத்திக்கிட்டுப் போயிடுச்சு சார்."

"காக்கா மேல புகார் குடுத்தீங்களா?"

"இல்லீங்க."

"மிச்சம் ரெண்டு?"

அடுப்பங்கரை வாசலில் நின்ற என் மனைவி, "நான்தான் செருப்பால தேச்சேன்," என்றாள். "கண்ணெதிர்ல தின்னுக்கிட்டு இருந்துச்சு. வேடிக்கை பாக்கச் சொல்றீங்களா?"

ஆய்வாளர் பேனாவைக் கீழே வைத்தார். "அம்மா, கால்நடையை அறுக்கத் தனி இடம் இருக்கு, தனி அனுமதி இருக்கு. செருப்பு அதுல வராது."

'மேற்படி இல்லத்தலைவி, மேற்படி உருப்படிகள் இரண்டை, மேற்படி பாதணியால்' என்று தொடங்கி ஒன்றரைப் பக்கம் வாக்குமூலம் எழுதினார். முதல் குற்றம் என்பதால் எச்சரிக்கையோடு விட்டார். என் மனைவியை அதுவரை யாரும் எச்சரித்தது கிடையாது. அவள் கோபத்தை அவரிடம் காட்ட முடியாமல் என்னை முறைத்தாள்.

"வாயில்லா ஜீவனை இப்படியா பண்றது?" என்று ஆய்வாளர் அங்கலாய்த்தார்.

"வாய் இல்லாமலா சார் இத்தனை ஓட்டை போட்டுச்சு?" என்றேன்.

அதுதான் நான் செய்த அடுத்த தப்பு. அவர் அப்போதுதான் ஓட்டைகளைக் கவனித்தார்.

"அப்போ கால்நடை சாப்பிடறது இதைத்தானா?"

"ஆமா சார், கோஸை."

"கால்நடை சாப்பிட்டா அது கோஸ் இல்லீங்க, தீவனம்."

பன்னிரண்டு கோஸுக்கும் சிவப்பு நாடாவில் அட்டை தொங்கியது: 'தீவனம். மனிதர் எடுத்தல் குற்றம்.' போகும்போது, அடுத்த முறை வருவதற்குள் ஒவ்வொரு கால்நடையின் காதிலும் எண் மாட்டி வைக்கச் சொன்னார். அதற்குக் காது எங்கே இருக்கிறது என்று கேட்டேன்.

"வளக்கிறது நீங்க. உங்களுக்கே தெரியலைன்னா எப்படி?" என்று வருத்தப்பட்டார்.

ஒரு வாரத்தில் மரங்கள் பாதி மொட்டையாகிவிட்டன. மச்சான் இரண்டு மூட்டை சிமெண்டைக் கொண்டுவந்து கொல்லைக் கதவோரம் அடுக்கினான். ஒரே ஒரு கோஸை வீட்டு உபயோகத்துக்கு எடுத்துக்கொள்ள அனுமதி கேட்டு மனுப் போட்டேன். பதில் வந்தது. தீவனத்தில் கை வைப்பதால் பாதிக்கப்படுவோர் கால்நடைகள் ஆதலின், அவற்றிடமிருந்து ஆட்சேபணையின்மைக் கடிதம் பெற்று இணைக்க வேண்டுமாம். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் ரேகை வைக்கலாமாம்.

சிரிக்காதீர்கள். பாத்தி போகப்போகிறவனுக்கு எதுவும் தமாஷ் இல்லை. முப்பத்தொன்பதையும் ஒவ்வொன்றாக மைத்தட்டில் நடக்கவிட்டு, அப்படியே தாளிலும் நடக்கவிட்டேன். ஒரு பகல் முழுக்க ஆனது. எடுத்துக்கொண்டு போனேன். குமாஸ்தா தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"எல்லாம் ஒரே மாதிரி இருக்கு. ஒரே ஆள் போட்ட மாதிரி."

"சத்தியமா தனித்தனியா போட்டது சார்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க," என்று திருப்பித் தந்தார்.

இந்தப் பக்கம் நான் அலைந்துகொண்டிருக்க, அந்தப் பக்கம் கால்நடைகள் எட்டுக் கோஸை நரம்பு மட்டும் விட்டு முடித்திருந்தன. அடுத்த முறை வந்த ஆய்வாளர் பதறிப்போனார். என் கொல்லை அன்றே 'தீவனப் பற்றாக்குறைப் பகுதி' என்று அறிவிக்கப்பட்டது. மறுநாள் ஒரு வேன் வந்து, அரசுப் பண்ணைக் கோஸ் ஆறைப் பாத்தியிலேயே இறக்கியது. ஒவ்வொன்றும் தலைகாணி அளவு. ஒரு ஓட்டை, ஒரு கீறல் கிடையாது. ஒரு அதிகாரி மூன்று நிமிஷம் உரையாற்றினார். வக்கீல் ஏழு கோணத்தில் படம் எடுத்தார்.

"கோஸ்னா இது கோஸ்," என்றாள் என் மனைவி, எனக்குக் கேட்கிற மாதிரி.

காலையில் போய்ப் பார்த்தால் முப்பத்தொன்பதும் காலை மேலே தூக்கிக்கொண்டு கிடக்கின்றன. எனக்கே பாவமாக இருந்தது. ஒரு மாசமாக எண்ணி எண்ணிப் பார்த்த முகங்கள். கால்நடை மருத்துவர் வந்தார். ஒன்றைத் துரும்பால் புரட்டினார். பண்ணைக் கோஸை முகர்ந்து பார்த்தார். இரண்டடி பின்னால் போய்ச் சோப்புக் கேட்டார். கையைக் கழுவிவிட்டு மறுபடி கழுவினார்.

"இதுல அடிச்சிருக்கிற மருந்துக்கு எருமை மாடே படுத்துடும்ங்க," என்று சொல்லி, அப்படியே அறிக்கையும் எழுதிவிட்டுப் போனார்.

அலுவலகம் மின்னல் வேகத்தில் நடவடிக்கை எடுத்தது. உத்தரவு இரண்டே நாளில் வந்தது. 'மேற்படி கோஸ் கால்நடைகளுக்கு உகந்ததல்ல என்பது ஐயமற நிரூபிக்கப்பட்டுள்ளதால், பண்ணைக் கையிருப்பு முழுவதும் பொதுமக்கள் உண்ணும் பொருட்டுக் கடைகளுக்கு அனுப்பப்படுகிறது.' கால்நடை இல்லாத இடத்தில் தீவனமும் இல்லை என்று என் அட்டைகளை அவிழ்த்துக்கொண்டு போனார்கள்.

பாத்தியில் நாலு கோஸ் மிச்சம். மரங்களிலிருந்து கடைசி இலைகள் விழுந்துகொண்டிருந்தன. இருந்ததில் நல்லதாக ஒன்றை அறுத்து, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அடுப்பங்கரைக்குள் போனேன். மச்சான் சாந்துச் சட்டியோடு வாசலில் நின்றான்.

மனைவி அதை வாங்கி ஜன்னல் பக்கம் பிடித்தாள். வெளிச்சம் சல்லடை மாதிரி வந்தது.

"புழு தின்ன மிச்சத்தையா சமைக்கச் சொல்றீங்க?"

"இதைத் தின்ன புழு ஒரு மாசம் கொழுகொழுன்னு இருந்துச்சு. அந்தப் பளபளப்புக் கோஸைத் தின்னதும் பொழுது விடியறதுக்குள்ள போச்சு. எது நல்ல கோஸ்னு நீயே சொல்லு."

அவள் கோஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நியாயம் என்று அவள் முகத்திலேயே தெரிந்தது. பாத்தி பிழைத்தது என்று நான் மூச்சு விட்ட நேரத்தில், வக்கீல் மனைவி தலைகாணி அளவுக் கோஸ் ஒன்றை இடுப்பில் வைத்துக்கொண்டு கொல்லைப் பக்கமாக வந்தாள். "கடைக்கு வந்திருக்கு அக்கா, ஒரு ஓட்டை இல்ல. சீக்கிரம் போங்க, தீந்துடும்."

என் மனைவி என் கோஸை முறத்தில் ஒதுக்கி வைத்தாள். பையை எடுத்து என் கையில் கொடுத்தாள். எனக்குப் பின்னால் மச்சான் மூட்டையைப் பிரிக்கிற சத்தம் கேட்டது.

கடையில் வரிசை தெருமுனை வரைக்கும் நின்றது. குமாஸ்தா இருந்தார், ஆய்வாளர் இருந்தார். எனக்கு முன்னால் கால்நடை மருத்துவர், ஒவ்வொரு கோஸாக உருட்டிப் பார்த்து, சின்னதாக ஓட்டை இருந்த ஒன்றை முகம் சுளித்து ஒதுக்கிக்கொண்டிருந்தார்.

"டாக்டர், நீங்களுமா?" என்றேன்.

"அது கால்நடைக்குத்தாங்க ஆகாது," என்றார். "நமக்கு ஒண்ணும் பண்ணாது. உத்தரவே வந்திருக்கில்ல?"

அவர் நகர்ந்தார். நானும் நாலைந்தைப் புரட்டி, ஒரு ஓட்டைகூட இல்லாததாகப் பார்த்து ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டேன்.