ஓட்டு வீட்டில் ஓர் ஓட்டை

இந்த ஒரு விஷயத்திலாவது விட்டுக்கொடுப்பதில்லை என்று முடிவு கட்டினேன். கல்யாணமாகி இருபத்தொன்பது வருஷத்தில் இது நான் கட்டிய பதினேழாவது முடிவு. முந்தைய பதினாறும் என்ன ஆயின என்று கேட்காதீர்கள். கட்டியவன் நான். இடித்தவள் யார் என்று உங்களுக்கே தெரியும்.

விஷயம் இதுதான். என் மனைவிக்குத் தனி வீடு வேண்டுமாம். அதுவும் கிராமத்துப் பக்கம். சுற்றிலும் வெட்டவெளி, ஓட்டுக் கூரை, கிணறு, நாலு பக்கமும் காற்று. பெரிய ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெறப் போகிறாள். ஊரே அவளை 'சிஸ்டர்' என்றுதான் கூப்பிடும். அந்த முறையில் பார்த்தால் ஊரே எனக்கு மச்சான். இத்தனை மச்சான்கள் உள்ளவன் வீட்டில் எந்தத் தைரியத்தில் வாயைத் திறப்பான்?

நான் லிப்ட் மெக்கானிக். மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுப்பது என் தொழில். என்னை வெளியே எடுக்கத்தான் இதுவரை யாரும் வரவில்லை.

எனக்கு எங்கள் நாலாம் மாடி பிளாட்டே போதும். கீழே இறங்கினால் சலூன். என் தலையில் வெட்டுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை. ஆனாலும் தினமும் சாயங்காலம் போய்விடுவேன். ஜன்னலோர நாற்காலி என்னுடையது. பேப்பரை விரித்து நான் ஏதாவது சொன்னால் அங்கே நாலு பேர் "கரெக்ட் சார்" என்பார்கள். நாலு மாடி ஏறிவிட்டால் அந்த வசதி கிடையாது.

"ஆஸ்பத்திரியில ஒரு தையலம்மா பழக்கமானாங்க" என்று ஆரம்பித்தாள் மனைவி. "அவங்க பொண்ணுக்கு ரெட்டைக் குழந்தை. ஒத்தாசைக்கு டவுனோட வந்துடப் போறாங்களாம். வீட்டை விக்கிறாங்க."

"எங்கே?"

"பஸ்ல ஒன்றரை மணி நேரம்."

"அங்கே என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்லை."

"அப்புறம் எதுக்கு அங்கே?"

"அதுக்குத்தான்."

நான் முறைத்தேன். அவள், "சும்மா பார்த்துட்டு வரலாம்" என்றாள். என் கல்யாணமும் இதே வாக்கியத்தில்தான் ஆரம்பித்தது.

போனோம். வழியில் நாலு ஊர். ஒவ்வொன்றும் டிரைவர் பிரேக் போடுவதற்குள் முடிந்துவிடும் அளவு. மூன்றாவது ஊருக்கும் நாலாவது ஊருக்கும் நடுவில், இரண்டிலும் சேராமல், அந்த வீடு நின்றது. பச்சைக் கதவு, நாலு அறை, கிணற்றடியில் ஒரு மோட்டார் பம்ப். பக்கத்து வீட்டுக்குக் கூப்பிட்டால் கேட்காது. செல்போனில் கூப்பிட்டாலும் கேட்காது. சமையலறைப் படியில் ஒற்றைக் காலில் நின்றால் மட்டும் சிக்னல் கிடைக்கும்.

மனைவியும் தையலம்மாவும் உள்ளே போனார்கள். மரத்தடிக் கல்லில் நானும் தையலம்மாவின் கணவரும் உட்கார்ந்தோம். ரிட்டையர்டு தபால்காரர். அந்த நாலு ஊருக்கும் முப்பது வருஷம் சைக்கிளில் கடிதம் கொடுத்தவர். இப்போது கொடுக்கக் கடிதம் இல்லாவிட்டாலும் தினமும் காலையில் ஒரு சுற்று போய் வருவாராம். நாலு பேர் "வாங்க தபால்காரரே" என்பதைக் கேட்காவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காதாம். எனக்குச் சலூன் ஞாபகம் வந்தது.

"வீடு பிடிச்சிருக்கா சார்?" அவர் குரலில் ஏதோ ஒரு பயம்.

"அருமையான வீடு."

அவர் முகம் தொங்கிப்போனது.

"ஆனா எனக்கு வேண்டாம்."

முகம் நிமிர்ந்தது. "நிஜமாவா? எனக்கும் விக்க இஷ்டமே இல்லை சார்!"

கட்டிப் பிடித்துக்கொள்ளாத குறைதான்.

"அப்போ விக்கலைன்னு வீட்டுல சொல்லிட வேண்டியதுதானே?" என்றேன்.

"நீங்க வாங்கலைன்னு வீட்டுல சொல்லிட வேண்டியதுதானே?" என்றார்.

இருவரும் ஒரே நேரத்தில் வீட்டு வாசலைத் திரும்பிப் பார்த்தோம்.

"வீடு யார் பேர்ல இருக்கு?" என்று கேட்டேன்.

"அவ பேர்ல. அவங்க அம்மா கொடுத்தது. நான் இதுல இருக்கேன், அவ்வளவுதான்."

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை உதித்தது. "வாங்க வந்தவங்களுக்கே வீடு பிடிக்காமப் போயிட்டா?"

"பிடிக்காமப் போறதுக்கு இதுல ஒரு குறையும் இல்லையே சார்."

"குறையா இல்லை? உண்டாக்கிட்டாப் போச்சு. ரிப்பேர் பண்ணத் தெரிஞ்சவனுக்கு ரிப்பேர் ஆக்கவும் தெரியும்."

தபால்காரர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, சலூனில்கூட யாரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

அதற்குள் பெண்கள் வெளியே வந்தார்கள். "ஞாயித்துக்கிழமை வந்து நிதானமா இன்னொரு தடவை பார்த்துச் சொல்றோம்" என்றாள் மனைவி. தையலம்மா, "வியாழக்கிழமை மட்டும் நான் இருக்க மாட்டேன். பொண்ணு வீட்டுக்குப் போறேன்" என்றார். நானும் தபால்காரரும் வியாழக்கிழமையை மனதில் குறித்துக்கொண்டோம்.

வியாழன் காலை வீட்டில் பொய் சொன்னேன். "ஒரு லிப்ட் நடுவுல நின்னு போச்சாம்."

"எத்தனாவது மாடியில?"

"ஆறாவது."

"சரி. பழைய சட்டையாப் போட்டுட்டுப் போங்க" என்றாள். என்ன அக்கறை என்று அப்போது நெகிழ்ந்துபோனேன்.

அன்று நானும் தபால்காரரும் உழைத்த உழைப்பை எங்கள் உத்தியோகத்தில் உழைத்திருந்தால் இரண்டு பேரும் மேலதிகாரி ஆகியிருப்போம். முதலில் கூரை. படுக்கையறைக்கு நேர் மேலே ஓட்டை எடுத்தோம். ஓட்டை எடுத்தால் ஓட்டை! ஒரே ஓட்டைத்தான் எடுக்க நினைத்தோம். இறங்கும்போது என் காலடியில் இன்னும் ஐந்து போயின. அடுத்து கேட். கீலில் இருந்த எண்ணெயைத் துடைத்துவிட்டு மணலைத் தூவினோம். திறந்தால் ஒப்பாரி, மூடினால் ஓலம். பம்பில் குழாய் இணைப்பைத் தளர்த்திவிட்டேன். அது தண்ணீருக்குப் பதில் காற்றை இழுத்து, வயசான மனுஷன் மாதிரி இருமியது. பின்கதவுத் தாழ்ப்பாளை வளைத்தோம். கடைசியாகத் தபால்காரர் வேலியோரத்தில் கிடந்த ஒரு பாம்புச் சட்டையைக் குச்சியால் எடுத்து வந்து சாமான் அறையில் தொங்கவிட்டார்.

"இதைப் பார்த்ததும் சிஸ்டர் ஓடிடுவாங்க" என்றார்.

"சிஸ்டர் ஓடலைன்னாலும் நான் ஓடிடுவேன். கதவைச் சாத்துங்க" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. கேட் வீறிட்டது.

"ஐயோ, என்ன சத்தம்!" என்று காதைப் பொத்தினேன்.

"நல்லதுதானே? திருடன் வந்தா தெரியும்" என்றாள் மனைவி.

படுக்கையறையில் கூரை வழியே வெயில் கொட்டியது. "பாரு, மேலே பெரிய ஓட்டை! மழை வந்தா கட்டில் படகாயிடும்."

"வெளிச்சம் நல்லா வருது" என்றாள்.

பம்பைப் போட்டேன். லொக் லொக் என்றது. ஆஸ்பத்திரிக்காரி அல்லவா, தலையைச் சாய்த்து ஒரு நிமிஷம் கேட்டாள். "உள்ளே காத்து போயிருக்கு. சரியாயிடும்."

எனக்கு வியர்த்தது. கடைசி அஸ்திரம். சாமான் அறையைத் திறந்து, "ஐயோ, பாம்பு!" என்று அலறினேன். உண்மையாகவே பயந்துதான் அலறினேன்.

தையலம்மா முன்னால் வந்து அதை இரண்டு விரலால் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "சின்னதுதான் சிஸ்டர். பழசு வேற. எனக்குச் சட்டை அளவு தெரியாதா?"

"சட்டையைக் கழட்டிட்டுப் போனவன் திரும்பி வரமாட்டான்" என்றாள் மனைவி. இருவரும் சிரித்தார்கள். நானும் தபால்காரரும் சிரிக்கவில்லை.

பிறகு கைப்பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தாள். "சரி, நீங்க சொன்னது எல்லாம் நியாயம்தான். ஒவ்வொண்ணாச் சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

ஆகா, வழிக்கு வந்துவிட்டாள் என்று உற்சாகமாகிவிட்டேன். கேட், கூரை, பம்ப், தாழ்ப்பாள் என்று அடுக்கினேன். தபால்காரருக்கும் வேகம் வந்துவிட்டது. குளியலறையில் தண்ணீர் தேங்கும், அலமாரிக் கதவு தொங்கும், கிழக்கு ஜன்னல் மூடாது என்று நிஜமான குறைகளையும் கக்கிவிட்டார். தையலம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். மொத்தம் இருபத்தேழு.

"இதெல்லாம் சரியா இருந்தா வாங்கலாமா?" என்று கேட்டாள் மனைவி.

தபால்காரரைப் பார்த்தேன். ஆணி அடிக்கச் சொன்னால் சுத்தியல் தேடுவதற்கே ஒரு வருஷம் எடுத்துக்கொள்ளும் மனிதர் என்று அவரே சொல்லியிருந்தார். துணிந்து, "இருபத்தேழும் சரியானா தாராளமா வாங்கலாம்!" என்றேன்.

"பின்னே என்ன? மெக்கானிக் நீங்க இருக்கீங்க. துணைக்கு அண்ணன் இருக்கார். ஞாயித்துக்கிழமை லீவுதானே?"

"நானா? விக்கிற வீட்டுக்கு அவங்கதானே பண்ணணும்?"

தையலம்மா சொன்னார்: "இவரு பதினெட்டு வருஷமா அந்த ஜன்னலை நாளைக்குப் பண்றேன்னு சொல்றாரு தம்பி. நீங்க கூட இருந்தாத்தான் இவருக்குக் கை ஓடுது."

'ஓடுது' என்ற இடத்தில் அவர் கூரையைப் பார்த்தாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம். தபால்காரர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் போயின. கெடுப்பதற்கு ஒரு நாள்தான் ஆனது. சரி செய்ய ஒன்றரை மாதம். முதல் வாரம் முனகிக்கொண்டே போனேன். மனைவியும் வாராவாரம் கூடவே வந்து கிணற்றடியில் நின்றுகொள்வாள். இரண்டாம் வாரம் கீலில் எண்ணெய் விட்டபோது கேட் சத்தமே இல்லாமல் திறந்தது. அதை நாலு தடவை திறந்து மூடிப் பார்த்தேன். மூன்றாம் வாரம் பம்ப் இருமலை விட்டுப் பாட ஆரம்பித்தது. கிணற்றுத் தண்ணீரில் முகம் கழுவிவிட்டு நிமிர்ந்தால் கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு சுவர் கிடையாது. முப்பது வருஷமாக நான் பார்த்ததெல்லாம் நாலு அடிக்கு நாலு அடி இரும்புப் பெட்டியும் அது ஏறி இறங்கும் இருட்டுக் குழியும்தான். இங்கே எதுவும் ஏறவில்லை, இறங்கவில்லை. அப்படியே இருந்தது. நாலாம் வாரம் பஸ்ஸை விட்டு இறங்கியதும் டீக்கடையில் ஒருவர், "வாங்க மெக்கானிக் சார்" என்றார். சலூனில் "கரெக்ட் சார்" என்று சொல்வதைவிட அது காதுக்கு நன்றாக இருந்தது.

தபால்காரரிடமும் மாற்றம் தெரிந்தது. பேரப்பிள்ளைகளைப் பார்க்கப் போனவர் வழியில் எங்கள் சலூனுக்கும் போயிருக்கிறார்.

"உங்க நாற்காலியில உட்கார்ந்தேன் சார். அருமையான ஆளுங்க. நான் சொன்னதுக்கெல்லாம் கரெக்ட் கரெக்டுங்கறாங்க."

"அப்போ வீட்டை விக்கறது?"

"பேரப்பிள்ளைங்க ரெண்டும் ஒரே நேரத்துல என் விரலைப் பிடிச்சுக்குது சார். ஒண்ணு இந்தக் கை, ஒண்ணு அந்தக் கை. சைக்கிள் எப்படி ஓட்டுறது?"

ஆறாவது ஞாயிறு. கடைசி ஓட்டை நானே மேலேறிப் பொருத்தினேன். இறங்கி வந்தபோது எனக்கு ஒரு பெருந்தன்மை பொங்கியது. மனைவி கிணற்றடியில் நின்றிருந்தாள். அருகில் போய்த் தொண்டையைச் செருமினேன்.

"நல்லா யோசிச்சுப் பார்த்தேன். உன் ஆசையைக் கெடுப்பானேன்? சரி, இந்த வீட்டை வாங்கிடலாம். நான் சம்மதிக்கிறேன்."

"ரொம்ப சந்தோஷம்" என்றாள். கைப்பையைத் திறந்து ஒரு காகிதக் கட்டை எடுத்து நீட்டினாள்.

பத்திரம். அவள் பெயரில். தேதியைப் பார்த்தேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். 'சும்மா பார்த்துட்டு வரலாம்' என்று என்னை முதன்முதலில் இங்கே கூட்டி வந்ததற்குப் பதினோரு நாள் முந்திய தேதி.

"இது எப்படி?"

"அவங்க பொண்ணு ஆஸ்பத்திரியில இருந்தப்பவே பேசி முடிச்சுட்டோம். அவங்களுக்குப் பொண்ணு பக்கத்துல இருந்து நகர ஒரு மத்தியானம்தான் கிடைச்சுது. அன்னிக்கே கையெழுத்துப் போட்டுட்டாங்க."

"தபால்காரருக்குத் தெரியுமா?"

அந்தப் பக்கம் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்ற தபால்காரரின் வாய் திறந்தபடி இருந்தது. தெரியாது.

எனக்கு ரோஷம் வந்தது. "வீட்டை வாங்கியாச்சுன்னா, அப்புறம் எதுக்கு ரெண்டு தடவை வந்து சுத்திச் சுத்திப் பார்த்தே? நோட்டுப் போட்டு எழுதினே? ஆறு வாரமா இங்கேயே நின்னு பார்த்துட்டிருந்தியே, எதைப் பார்த்தே?"

அவள் பத்திரத்தை வாங்கி மடித்து உள்ளே வைத்துக்கொண்டாள்.

"வீட்டை முடிவு பண்ணியாச்சுங்க. உங்களையும் கூட்டிட்டு வரலாமா வேண்டாமான்னுதான் பார்த்துட்டிருந்தேன்."