டொங்கோர் வம்சத்துக்கு நான் கட்டிய அரண்மனை

ஒருவர் பேச்சை மொழிபெயர்க்கிறவன் பொய் சொன்னால் பேசியவருக்கும் தெரியாது, கேட்டவருக்கும் தெரியாது. அப்படித்தான் நம்பியிருந்தேன். (வாத்தியார் புத்தி!)

ஏரி மீன்களை ஆராய கானா நாட்டிலிருந்து அபெனா டொங்கோர் என்ற பெண் வந்திருந்தார். ஏரியோரப் பசியாவரம் கிராமத்து மீனவப் பெண்களின் கூட்டத்தில் அவர் ஆங்கிலத்தில் பேசுவார். திருப்பாலைவனத்து இங்கிலீஷ் வாத்தியாரான நான் தமிழில் சொல்ல வேண்டும். முதலில் அறிமுகம். பேரைச் சொல்லி, அது எப்படி வந்ததென்றும் சொல்ல வேண்டுமாம்.

"எங்கள் அக்கான் மொழியில் டொங்கோர் என்றால் அடிமை" என்று ஆரம்பித்தார் அபெனா.

எனக்குப் பகீரென்றது. வந்த விருந்தாளியைச் சபையில் அடிமை என்பதா? சொந்தப் பேருக்கே கூசிக்கொண்டு 'கே. சாமி' என்று திரிகிறவன் நான். "மேடம் அரச வம்சம்!" என்று அடித்துவிட்டேன். கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது.

அவர் பேசப் பேச நானும் யானை, சேனை என்று அளந்தேன். அவர் மூன்று விரலை நீட்டி ஒவ்வொன்றாக மடக்கினார். "மூணு அரண்மனை!" என்றேன். கைக்குழந்தையை ஏந்துவதுபோல் காட்டிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் பட்டாபிஷேகத்துக்குப் போய்விட்டேன்.

அஞ்சலை எழுந்தாள். சேற்றுத் தண்ணீருக்குள் கையால் தடவியே இறால் பிடிப்பவள். அவளிடமா மறைக்க முடியும்?

"இன்னா சார், மூணு புள்ளய வாரிக் குடுத்த கதய சொல்லி அந்தம்மா அழுவுது. நீ யானைன்ற?"

மானம் கப்பலேறியது. உண்மையைச் சொன்னேன். அபெனாவின் கொள்ளுத்தாத்தாவுக்கு முன் பிறந்த மூன்றும் தங்கவில்லை. 'இது வெறும் அடிமை, எடுத்துப்போக லாயக்கில்லை' என்று சாவு விட்டுப் போகட்டுமென்று அவருக்கு அந்தப் பேரை வைத்து, கன்னத்திலும் கீறிவிட்டார்களாம்.

அஞ்சலை என் முகத்தையே பார்த்தாள்.

"சார் மூக்குலயும் குத்தின ஓட்டை கீதே. முழுப்பேர் இன்னா சார்?"

"குப்புசாமி. எனக்கு முன்னாடியும் மூணு போயிடுச்சி. என்னைக் குப்பையில உருட்டி எடுத்தாங்க."

அதை அபெனாவுக்கு ஆங்கிலத்திலும் சொன்னேன். அம்மாடி! எங்கேயோ கிடக்கிற இரண்டு தாய்கள், ஒருத்தியை ஒருத்தி கேள்விப்படாமலே, ஒரே பொய்யைச் சொல்லி எமனைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். அபெனா என் இரண்டு கைகளையும் பிடித்தவர் விடவே இல்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். "அங்கயும் எமன் இவ்ளோ ஏமாளியாடா?" என்றாள்.

அன்றிலிருந்து நான் ஒரு தும்மல் போட்டால் போதும். வீட்டில் அத்தனை பேரும் வாசலைப் பார்த்து ஒரே குரலில் கத்துகிறார்கள்: "இது குப்பைப்பா, நீ நடையைக் கட்டு!"