நின்றால் தீனி, உட்கார்ந்தால் விருந்து

லாபிக்காரர் என்றொரு இனம் உண்டு. சட்டம் போடும் செனட்டர்களைத் தன் கம்பெனியின் பக்கம் இழுப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவர். பல்லி சுவரோரம் வாழ்வதுபோல இவர் நீண்ட வராந்தாக்களின் ஓரம் வாழ்கிறார். வாஷிங்டனில் செனட்டர்களின் அலுவலகக் கட்டடத்துக்குள் காலை ஒன்பது மணிக்கு நுழைந்து பாருங்கள், தூணுக்கு ஒருவர் நிற்பார். முகம் பார்க்கலாம்போல் பளபளக்கும் காலணி, கடைவாய்ப்பல் வரை தெரியும் சிரிப்பு, எதிரே வரும் செனட்டரின் நாய்க்கு என்ன பெயர், அதற்கு எந்தக் காலில் சுளுக்கு என்பது வரை மறக்காத மூளை. என்ன விஷயம் என்று கேட்டால், சும்மா இந்தப் பக்கம் வந்தேன் என்பார். பதினெட்டு வருஷமாக அதே பக்கம்தான் வந்துகொண்டிருக்கிறார்.

இவர்களிலும் பேர்போன ரகம் உணவுக் கம்பெனி லாபிக்காரர். பீரங்கிக் கம்பெனிக்காரர் தன் சரக்கை ஒரு வாய் தின்று பாருங்கள் என்று நீட்ட முடியுமா? இவர் நீட்டலாம். நமது வெண்டல் ஹாவர்கேம்ப் நீட்டியது, பிளம்லி என்ற பெரிய கம்பெனி டைனோசர் வடிவத்தில் வெட்டி, பொரித்து, உறைய வைத்து விற்கும் உருளைக்கிழங்கு. அதைப் பொரித்த பண்டம் என்று அவர் முன்னால் சொல்லிவிடாதீர்கள், மனசு புண்பட்டுவிடும். மண்ணுக்குள் விளைந்த காய்தானே, எண்ணெய் கொஞ்சம் பட்டுவிட்டது, அதற்காகத் தள்ளி வைப்பதா என்று கேட்பார். உப்பு? கடலே உப்புத்தானே, கடல் இயற்கை இல்லையா என்பார். நீங்கள் வாயை மூடிக்கொள்வீர்கள். உள்ளே ஒரு டைனோசர் போயிருக்கும்.

அந்த வருஷம் பள்ளிக்கூட மதிய உணவுச் சட்டத்தில் ஒரு வரி நுழைந்திருந்தது: இரண்டு டைனோசர் ஒரு கரண்டி காய்கறிக்குச் சமம். தானாக நடந்து போய் நுழைந்ததா என்ன? வெண்டல் பதினான்கு மாதம் பின்னாலிருந்து தள்ளியிருந்தார். வியாழன் காலை கமிட்டி ஓட்டு. வரி நிலைத்தால் நாடெங்கும் பிள்ளைகளின் தட்டுகளில் டைனோசர் மேயும். நிலைக்காவிட்டால் வெண்டல் வேறு வேலை தேடிக்கொள்ளலாம் என்று கம்பெனித் தலைவர் சொல்லியிருந்தார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

ஆகவே புதன் மாலை கமிட்டி செனட்டர்களுக்கு வெண்டல் ஒரு வரவேற்பு வைத்தார். இங்கே ஒரு விதி இருக்கிறது. செனட்டருக்கு லாபிக்காரர் சாப்பாடு போடக் கூடாது. ஆனால் நின்றபடி பல்குச்சியில் குத்தித் தின்றால் அது சாப்பாடு ஆகாது, தீனி. உட்கார்ந்தால் போயிற்று, விருந்து. அதனால் இந்த ஊரில் மக்கள் பிரதிநிதிகள் குதிரைகளைப்போல நின்றே வயிறு வளர்க்கிறார்கள். ஒருவர் அரைத் தர்பூசணியை ஒற்றைப் பல்குச்சியில் தூக்கிக்கொண்டு போனதை நானே பார்த்தேன். நம்பாதவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. விருந்து என்று ஒருவரும் சொல்லிவிடக் கூடாதே என்று வெண்டல் கூடத்திலிருந்த நாற்காலிகளை ஒன்று விடாமல் வெளியேற்றினார். ஜன்னல் மேடையில்கூட யாரும் சாய முடியாதபடி பூச்சாடி வைத்தார். டைனோசர் வந்திறங்கிய ஐஸ் பெட்டியை மட்டும் மறந்துபோனார்.

கமிட்டித் தலைவர் செனட்டர் ஓர்வில் ஸ்டோக்ஸ்பரி வந்தார். எண்பத்தொரு வயது. முழங்கால்கள் இரண்டும் ஓய்வு பெற்றுப் பல வருஷமாகிவிட்டது, நாக்குக்கு மட்டும் இன்னும் பதவி உண்டு. பதினொரு டைனோசரை நின்றபடியே முடித்தார். பன்னிரண்டாவதைக் குத்தி வாயில் வைத்ததும் முழங்கால் மடிந்தது. சொத்தென்று ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டார், மடியில் தட்டோடு.

கமிட்டியில் விதிகளைக் கவனிக்கும் டெஸ் என்ற பெண் ஓடி வந்தாள்.

"ஐயா, தயவுசெஞ்சு எந்திரிங்க."

"எந்திரிக்க முடிஞ்சா நான் ஏம்மா உக்காரப் போறேன்?"

"அப்ப மெல்லாதீங்க."

"பாதி உள்ள போயிருச்சே, மிச்சத்த என்ன செய்ய?"

டெஸ் வெண்டல் பக்கம் திரும்பினாள். உட்கார்ந்தாயிற்று, தட்டு இருக்கிறது, எண்ணிக்கை பன்னிரண்டு, இது விருந்துதான், நாளைக்கு இவர் ஓட்டே போட முடியாது என்றாள். இவர் ஓட்டு இல்லாவிட்டால் வரி ஒற்றை ஓட்டில் தோற்கும்.

"இது சாப்பாடே இல்லம்மா," என்றார் வெண்டல்.

"எழுதிக் குடுப்பீங்களா சார்?"

எழுதுவதற்கு இந்த இனம் அஞ்சியதுண்டா? பிளம்லி டைனோசர் எவ்வகையிலும் சாப்பாடு ஆகாது, பன்னிரண்டு தின்றாலும் உடம்பில் ஒட்டுவதற்கு அதில் ஒன்றுமில்லை, வெறுமனே வாய்க்கு வேலை என்று கம்பெனித் தாளில் எழுதி, கையெழுத்தும் போட்டார். செனட்டர் பிழைத்தார். நான்கு பேர் சேர்ந்து அவரைத் தூக்கி நிறுத்தினார்கள்.

இப்படிப்பட்ட கடிதம் கமிட்டிக் கோப்பில் சேரும், கோப்பை எந்த உறுப்பினரும் படிக்கலாம். அவசரத்தில் வெண்டலுக்கு அது நினைவுக்கு வரவில்லை. வியாழன் காலை, அந்த வரியை எதிர்த்து வந்த செனட்டர் அகதா பிரெண்டர்காஸ்ட் அம்மையார் கடிதத்தை நிறுத்தி நிதானமாக வாசித்தார். பிறகு ஒரே கேள்விதான் கேட்டார்.

"ஏங்க ஓர்வில், சாப்பாடே இல்லாத ஒண்ணு எப்படிங்க காய்கறியாகும்?"

ஓர்வில் என்ன சொல்வார்? காய்கறிதான் என்றால், நேற்று உட்கார்ந்து விருந்து தின்றவர் ஆவார். வரியை அடிக்கச் சொல்லி அவரே முதலில் கை தூக்கினார். வரி போயிற்று.

உங்களையும் என்னையும் போன்றவர்கள் என்றால் வீட்டுக்குப் போய்ப் போர்வையை இழுத்து மூடிக்கொள்வோம். வெண்டல் வராந்தாவில் இரண்டு நிமிஷம் நின்றார். மூன்றாவது நிமிஷம் முகம் மலர்ந்தது. கம்பெனித் தலைவரைப் போனில் பிடித்தார்.

"நல்ல சேதி சார். நம்ம சரக்கு சாப்பாடே இல்லன்னு செனட் கமிட்டியே ஒத்துக்கிச்சு. அப்புறம் அதுல உப்பு எவ்வளவு, கொழுப்பு எவ்வளவுன்னு பாக்கெட் மேல எதுக்கு சார் நாம அச்சடிக்கணும்?"

அவருக்கு அன்றைக்கே சம்பளம் உயர்ந்தது.

சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் போன மாதம் சர்க்கரை ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு டாக்டர் கண்ணாடிக்கு மேலாக உங்களைப் பார்த்தபோது, மூன்று வேளையும் கோதுமைக் கஞ்சிதான் என்று சத்தியம் செய்தது யார்? கூட வந்தவர் தொண்டையைச் செருமி மைசூர்பாகை நினைவூட்டியதும், "அதெல்லாம் சாப்பாட்டுல சேர்த்தியா டாக்டர்?" என்று கேட்டது யார்?

எழுதிக் கொடுக்கச் சொல்லி டாக்டர் கேட்கவில்லை. பிழைத்தீர்கள்.