குழந்தை மனத்தைப் படிக்கப் போய்வந்தவர்

உலகத்தில் வெளிநாடு போனவர், போகாதவர் என்று இரண்டே வகை மனிதர்கள் இருப்பதாக நினைத்துக்கொண்டிருப்பீர்கள். மூன்றாவது வகை ஒன்று உண்டு. அவர்தான் போய்வந்தவர். குழந்தைகளின் மனநலத்தையும் வளர்ச்சிக் குறைபாடுகளையும் ஆராய எட்டு மாதம் வெளிநாட்டில் பயிற்சி பெற்று, மனத்தை அங்கேயே விட்டுவிட்டு உடம்போடு மட்டும் ஊர் திரும்பியவர்.

அவரை அடையாளம் காண்பது சுலபம். கழுத்தில் அடையாள அட்டை தொங்கும். அது அந்த ஊர் அட்டை, காலாவதியாகி ஆறு வருடம். எந்தப் பேச்சையும் ‘அங்கே நாங்க’ என்றுதான் தொடங்குவார். அங்கே அவர்கள் குழந்தையின் உயரத்துக்குத் தரையில் உட்கார்வார்களாம். கேள்வி கேட்டுவிட்டுப் பத்து எண்ணும்வரை காத்திருப்பார்களாம். இதையெல்லாம் இவர் நின்றுகொண்டே, நாம் வாயைத் திறப்பதற்குள் அடுத்த படத்தைத் திரையில் போட்டபடி சொல்வார். தங்கை குழந்தை முதல் அடி எடுத்து வைத்தபோது வீடே கைதட்ட, இவர் கடிகாரத்தைப் பார்த்தாராம். “அண்ணா, தூக்கிக் கொஞ்சேன்” என்று தங்கை கெஞ்சியதற்கு, “இரு, இன்னும் மூணு அடி வைக்கட்டும், குறிச்சுக்கறேன்” என்றாராம். அந்தக் குழந்தைக்கு மாமா என்றால் ஒரு நோட்டும் பேனாவும்தான்.

இவரிடம்தான் நாங்கள் பன்னிரண்டு பேர் ஆராய்ச்சிப் பயிற்சிக்குச் சேர்ந்தோம். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். “பிள்ளைங்க விளையாடறதப் பாக்க ஒரு படிப்பா? தெருவுல நின்னா சும்மாவே பாக்கலாமே” என்று அம்மா சிரித்தபோது எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தில் எல்லா வகுப்பிலும் முன்வரிசையில் உட்கார்ந்தேன்.

அன்று வெள்ளிக்கிழமை, செய்முறை வகுப்பு. கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் நாங்கள், பன்னிரண்டு பேனாக்கள், உள்ளே பேசுவதைக் கேட்க ஓர் ஒலிபெருக்கி. அந்தப் பக்கம் போய்வந்தவர், நான்கு வயதுப் பெண் குழந்தை ஒன்று, மூலை நாற்காலியில் அவளைப் பெற்ற அம்மா. குழந்தை இன்னும் பேசத் தொடங்கவில்லை. அவளை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று எழுதி வாங்கிவந்தால் திங்கட்கிழமை சேர்த்துக்கொள்கிறோம், இல்லாவிட்டால் இடம் வேறொரு பிள்ளைக்கு என்று பள்ளியில் சொல்லியிருந்தார்கள். அந்த அம்மாவுக்கு இங்கே ஒரே விதி: இருபது நிமிடம் பேசக்கூடாது.

தலைக்கு மேல் பழைய மின்விசிறி கடகடவென்று சுற்றியது. குழந்தை காதைப் பொத்தினாள். பன்னிரண்டு பேரும் எழுதினோம். மேசைக்கு அடியில் போய்ச் சுருண்டாள். எழுதினோம். பிறகு வெளியே வந்து, போய்வந்தவரின் கையைப் பிடித்துச் சுவரோரம் இழுத்துப்போய், சுவிட்சின் மேல் வைத்து அழுத்தப் பார்த்தாள். அவர் முகத்தில் அப்படியொரு பரவசம்! கையை மரக்கட்டை மாதிரி வைத்துக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பி, “கவனிங்க, கவனிங்க! அடுத்தவங்க கையைக் கருவி மாதிரி பயன்படுத்தறா. படிவத்துல இருபத்தேழாவது கேள்வி” என்றார். நான் எழுதி, கீழே கோடும் போட்டேன். நேர்கோடு.

“சார், அவ ஃபேன நிறுத்தச் சொல்றா” என்றார் அந்த அம்மா.

“நீங்க பேசக்கூடாதும்மா. இயல்பா இருங்க.”

“இயல்பா இருந்திருந்தா எப்பவோ நானே நிறுத்தியிருப்பேனே!”

அந்த அம்மா எழுந்து வந்து சுவிட்சை ஒரு தட்டுத் தட்டினார். விசிறி நின்றது. குழந்தை காதிலிருந்து கையை எடுத்தாள். தரையில் உட்கார்ந்து, கிடந்த படத்துண்டுகளில் ஐந்தை மளமளவென்று பொருத்தினாள். ஆறாவதைப் போய்வந்தவரிடம் நீட்டினாள்.

அவர் கண் படிவத்தில் இருந்தது. “அறையோட சூழல் மாறிடுச்சும்மா. இன்னிக்குப் பார்த்தது செல்லாது. புதுத் தேதி பதினோரு வாரம் கழிச்சுதான்.”

“பதினோரு வாரமா? திங்கக்கிழமை என் பொண்ணு எங்க சார் உக்காருவா?”

இந்தக் கேள்வி படிவத்தில் இல்லை. அவர் புரட்டிப் பார்த்தார், சத்தியமாக. நீட்டிய பிஞ்சுக் கை நீட்டியபடியே இருந்தது.

அப்புறம் போய்வந்தவர் தரையில் உட்கார்ந்தார். முழங்கால் சொடக்குப் போட்ட சத்தம் ஒலிபெருக்கியில் எங்களுக்கே கேட்டது. துண்டை வாங்கிப் பொருத்தினார். செல்லாத படிவத்தைத் திருப்பி, வெற்றுப் பக்கத்தில் எழுதினார்: ‘இரைச்சல் இல்லாத இடத்தில் உட்கார வையுங்கள். கையைப் பிடித்து இழுத்தால் கூடவே போங்கள், ஏதோ கேட்கிறாள். புரியாவிட்டால் அம்மாவிடம் கேளுங்கள்.’ கையெழுத்து. முத்திரை.

அந்த அம்மா இரண்டு முறை படித்தார். “உள்ள வரும்போதே இதத்தான சார் நான் சொன்னேன்?”

“நீங்க சொன்னா எடுத்துக்க மாட்டாங்கம்மா” என்றார் அவர், முதல்முறையாகக் கொஞ்சம் வெட்கத்தோடு. “நான் போய்வந்தவன்.”

திங்கட்கிழமை சேர்த்துக்கொண்டார்கள். ஜன்னலோர இடமாம்.

நன்றாகச் சிரித்தீர்கள், வாசகரே. ஒன்று கேட்கட்டுமா? குழந்தை காதைப் பொத்தியபோது, மேசைக்கடியில் சுருண்டபோது, ‘அட, இது அந்தக் குறைபாடுதானே!’ என்று மனசுக்குள் ஒரு தீர்ப்பு எழுதவில்லையா? தெரிந்தவர் வீட்டுப் பிள்ளை ஒன்றின் முகம் வந்து போகவில்லையா? அதன் அம்மாவைப் பார்த்தால் பக்குவமாகச் சொல்லிவிட வேண்டும் என்று வாக்கியம்கூடத் தயாராகவில்லையா?

வாழ்த்துகள். விமானம் ஏறாமலே போய்வந்துவிட்டீர்கள்.