பல்லக்கிலிருந்து தெரியாத மேயர்

"ஐயா, கொஞ்சம் பல்லக்கை விட்டு இறங்கிப் பாருங்க."

எண்பேரூர் நாட்டில் கேட்கவே கூடாதது இது ஒன்றுதான். வேலையில் சேர்ந்த அன்றே பேச்சிக்கனிக்கு அதைச் சொல்லிவிட்டார்கள். விடுப்புக் கேட்கலாம், குடை கேட்கலாம், ஏன் திட்டுகிறீர்கள் என்றுகூடக் கேட்கலாம். தரமன்றத்துப் பெரியவர்களை இறங்கச் சொல்லக் கூடாது. அவள் சொல்லிவிட்டாள். பல்லக்குத் தூக்கிகள் எட்டுப் பேரும் நடுத்தெருவில் அப்படியே நின்றுவிட்டார்கள்.

அந்த நாட்டில் பெருநகரங்கள் எட்டு. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, அவற்றை ஆண்ட மேயர்களில் இருப்பவர், இறந்தவர் அத்தனை பேரையும் எடைபோட்டு, மிகச் சிறந்தவர் யார், மிக மோசமானவர் யார் என்று தரமன்றம் தீர்ப்புச் சொல்லும். சிறந்தவருக்கு எட்டு நகரத்திலும் சிலை. மோசமானவர் செய்த வேலைகள் வேரோடு பிடுங்கப்படும். தீர்ப்பில் ஓரவஞ்சனை வராமலிருக்க முன்னோர்கள் ஒரு வழி கண்டிருந்தார்கள். தரையில் கால் பட்டால் அந்த ஊர்ப் பாசம் ஒட்டிக்கொள்ளுமாம். ஆகவே நடுவர்கள் பல்லக்கில் வருவார்கள், பல்லக்கிலிருந்தே பார்ப்பார்கள், பல்லக்கிலேயே போய்விடுவார்கள்.

மேயர்களுக்கு இது புரிய வெகுநாள் ஆகவில்லை. பொன்மேட்டு நகரின் விசயரங்கர் நாற்பத்தொரு அலங்கார வளைவுகள் கட்டினார். ஆஸ்பத்திரிக்கு ஐந்து மாடி முகப்பு வைத்தார். முகப்புக்குப் பின்னால் ஒரு வேப்பமரமும் அதனடியில் நோயாளிகளும் இருந்தார்கள். மன்றம் மெய்சிலிர்த்துப்போனது. "பல்லக்கின் உயரத்திலிருந்து தெரிவதே நற்பணி" என்று முதல் ஆணை பிறந்தது. உடனே வைக்கோல் வண்டி நுழைய முடியாத தெருவிலும் வளைவு நுழைந்தது. மரங்கள் நற்பணியை மறைக்கின்றன என்று இரண்டாம் ஆணை வந்தது. வேப்பமரமும் போயிற்று. சனங்கள் வெயில் தாங்காமல் வளைவுகளின் நிழலுக்கு அடித்துக்கொண்டார்கள். "வளைவுகள் மக்களுக்குப் பெரிதும் பயன்படுகின்றன" என்று மன்றத்தின் குறிப்பேட்டில் ஏறியது. எழுதியவள் பேச்சிக்கனி. பல்லக்கோடு ஓடி ஓடி அவர்கள் சொல்வதை எழுதுவதுதான் அவள் வேலை. எழுதும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொள்வாள்.

இந்த முறை கடைசி இடத்துக்கு நெருங்கியிருந்தவர் கரும்பாறை நகரத்தின் அய்யாக்குட்டி. செத்து முப்பது வருடமாகிறது. பல்லக்கு இப்போது நின்றது அவர் ஊர்த் தெருவில்தான்.

தரமன்றத் தலைவர் சிங்காரவேழர் திரையை விலக்கினார். "இறங்குவதா? எதைப் பார்க்க? பதினெட்டு ஆண்டுகள் மேயராக வீற்றிருந்த மனிதர். ஒரு வளைவு உண்டா? ஒரு கொடிமேடையாவது உண்டா?"

"எல்லாம் தரைக்குக் கீழ இருக்குங்கய்யா. மண்டி போட்டுக் காதை வெச்சீங்கன்னா தண்ணி ஓடுறது கேக்கும்."

"நாம் மண்டியிடுவதா!"

"எழுதிட்டு வா தாயி," என்று முன்கம்பைத் தூக்கியிருந்த கோலப்பன் பல்லிடுக்கில் சொன்னார். "தூக்குறதே பெரும்பாடு. இறக்கி ஏத்துறதுன்னா நாங்க செத்தோம்."

அய்யாக்குட்டியை நல்ல மனிதர் என்று கரும்பாறையில் ஒருவரும் சொல்ல மாட்டார்கள். வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தை. குழாய்ப் பள்ளத்துக்குக் குறுக்கே நிற்கிறதென்று மீன்சந்தையை ஒரே காலையில் இடித்துத் தள்ளினார். மீன்காரிகள் மண்ணை வாரித் தூற்றியது நியாயம்தான். பேச்சிக்கனியே அதை மன்னித்ததில்லை. ஆனால் அவர் வருவதற்கு முன் கோடைக்குக் கோடை வாந்திபேதி தெருவுக்கு நாலு பிள்ளைகளைக் கொண்டுபோனது. மேயரான மறுவாரமே மாளிகையைக் காலிசெய்துவிட்டு, தண்ணீர் கடைசியாக வந்து சேரவேண்டிய சாம்பல்மேட்டில் ஓர் ஓட்டு வீட்டுக்குக் குடிபோனார். "இந்தத் தெருவுல கொழா சொட்டுற அன்னைக்குத்தான்டா எனக்கும் கொழாத்தண்ணி" என்றார். பதினோரு வருடம் ஆயிற்று. அதுவரை அவர் மனைவியும் மற்றப் பெண்களோடு வரிசையில் நின்று, புருஷனைத் திட்டிக்கொண்டே குடம் சுமந்தார். மேயரோ இடுப்பளவு சேற்றில் இறங்கிச் சாக்கடைக்கு மட்டம் பார்த்தார். திறப்பு விழாவுக்கு நாள் கேட்டு வந்தவர்களிடம், "கொழாயைத் தொறக்க விழா எதுக்கு? திருகித் தொலைங்கடா" என்றார்.

அந்தச் சாம்பல்மேட்டில் பிறந்தவள் பேச்சிக்கனி. குடம் சுமக்க வேண்டியிராததால்தான் பள்ளிக்கூடம் போனாள். அவள் வம்சத்திலேயே பட்டம் வாங்கிய முதல் ஆள். இதையெல்லாம் மூச்சு வாங்கச் சொல்லி முடித்தபோது, பல்லக்கு ஏற்கெனவே நாலு தெரு தாண்டியிருந்தது.

மறுநாள் காலை மன்றம் கூடியது. மிகச் சிறந்தவர் விசயரங்கர், மிக மோசமானவர் அய்யாக்குட்டி என்று சிங்காரவேழர் அறிவித்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு மூன்றாம் ஆணையைச் சொல்லலானார்.

"கரும்பாறையில் அடுத்த மேயர் பதவியேற்கும் நாளன்று, அன்னாரின் கையொப்பத்தோடு, அய்யாக்குட்டி புதைத்த குழாய்கள் யாவும் தோண்டி எறியப்படும்." அவ்வளவு பேசிய களைப்பில் வெள்ளிச் செம்பை எடுத்துக் குடித்தார். "ஆகா, என்ன குளிர்ச்சி!"

பேச்சிக்கனி எழுதுகோலை நிறுத்தினாள். "ஐயா, அந்தத் தண்ணி எங்கேருந்து வருது?"

"கரும்பாறையிலிருந்து. இத்தனை சுத்தமான நீர் எண்பேரூரில் வேறெங்கும் கிடையாது. ஏன்?"

"கொழா போட்டது யாருங்கய்யா?"

பெரியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். சிங்காரவேழர் செம்பைக் கீழே வைத்துவிட்டு நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். புரிந்துவிட்டது என்று பேச்சிக்கனி ஒரு கணம் நம்பினாள்.

"பெரும் பிழை நேரவிருந்தது," என்றார் தலைவர். "நல்ல வேளை, சுட்டிக்காட்டினாய். ஆணையில் சேர்த்துக்கொள்: 'தரமன்றத்துக்கு வரும் குழாய் நீங்கலாக.'"

மேசைகளைத் தட்டி எல்லோரும் பாராட்டினார்கள். பேச்சிக்கனி எழுதவில்லை. ஏட்டை மூடிவிட்டு எழுந்தாள்.

"எங்கே போகிறாய்?"

"கரும்பாறைக்கு. மேயர் தேர்தலுக்கு மனுக் கொடுக்க இன்னைக்குத்தான் கடைசி."

ஒருவர் சிரித்தார், மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். "மேயரானாலும் இந்த ஆணையில் கையொப்பமிட வேண்டுமே, பெண்ணே?"

"போட மாட்டேன்."

"போடாவிட்டால் அடுத்த தீர்ப்பில் மிக மோசமான மேயர் நீதான். காலத்துக்கும் அழியாத பெயர். நினைவிருக்கட்டும்!"

"அந்த எடத்துல இப்ப யாரு இருக்காருன்னு பாத்துட்டுத்தானேய்யா கெளம்புறேன்."

மனுவை அவள் நேற்று மாலையே எழுதி முடித்துவிட்டாள்; இன்று கேட்டதெல்லாம் கடைசியாக ஒருமுறை கேட்டுப் பார்த்ததுதான். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். வெயில் சுட்டது. திரும்பிப் பார்க்காமல் நடையை எட்டிப் போட்டாள்.